யாழ்ப்பாணத்துப் பள்ளி அணியில் ஆடும் பையன் முதல்தரக் கிரிக்கெட் வரை போக முடியுமா?

கேட்டவரின் மகனுக்கு 14 வயது. பள்ளிக்கூடத்தின் 15 வயதுக்குட்பட்ட அணியில் வேகப்பந்து வீசுகிறான். இதை நம்பி அவனை விடலாமா, மேலே போக உண்மையில் பாதை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பாதை இருக்கிறது. என் அக்காவின் மகன் அந்தப் பாதையில் போய், இப்போது கொழும்புக் கழகம் ஒன்றுக்காக மூன்று நாள் ஆட்டங்கள், அதாவது டெஸ்ட்டுக்கு அடுத்த படியில் உள்ள முதல்தர ஆட்டங்கள், ஆடுகிறான். தொப்பி கண்ணை மறைக்க 13 வயதுக்குட்பட்ட அணியில் நின்ற நாளிலிருந்து அவனைப் பார்த்து வருகிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

எங்கள் பிள்ளைகளிடம் திறமை குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏணியின் கீழ்ப்படிகள் எல்லாம் ஊரிலேயே இருக்கின்றன. 13, 15, 17, 19 வயதுப் பிரிவுகள், பிறகு மாவட்டத் தெரிவு, மாகாணத் தெரிவு. இவற்றுக்கெல்லாம் மேலாக எங்களுக்கென்றே பெரிய ஆட்டங்கள் உண்டு. மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் வடக்கின் பெரும் போர் 1904 இல் தொடங்கியது. மூன்று நாளும் மைதானத்தைச் சுற்றிச் சனம், பாண்ட் வாத்தியம், வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கும் பழைய மாணவர்கள். 18 வயதில் அவ்வளவு பேருக்கு முன்னால் பந்து வீசிய பையனுக்குப் பிறகு எதைக் கண்டும் கை நடுங்காது. ஆனால் முதல்தர ஆட்டத்துக்குப் போனால் பார்வையாளர் பகுதி காலியாக இருக்கும். மருமகனுக்கு முதலில் அதுதான் பெரிய ஏமாற்றமாக இருந்தது.

சரி, சிக்கல் எங்கே? 19 வயதில். பள்ளிக்கூடம் முடிந்த மறுநாள் அவனுக்கு அணி இல்லை. ஜொனியன்ஸ், சென்றலைட்ஸ், ஜொலிஸ்டார்ஸ், பற்றீசியன்ஸ் என்று நல்ல கழகங்கள் இங்கே உண்டு, உள்ளூர்த் தொடர்களில் ஆடலாம். ஆனால் முதல்தர ஆட்டமாகக் கணக்கில் எடுக்கப்படும் பிரதான கழகங்களின் தொடரில் யாழ்ப்பாணத்துக் கழகம் எதுவும் ஆடுவதில்லை. அந்தக் கழகங்களில் பெரும்பாலானவை கொழும்பிலும் அதை அண்டியும் இருக்கின்றன. அதனால் 400 கிலோமீற்றர் போகத்தான் வேண்டும்.

விஜயகாந்த் வியாஸ்காந்த் பெயரை உங்கள் மகன் தினமும் சொல்லுவான் என்று நினைக்கிறேன். மத்திய கல்லூரி மாணவர், லெக் ஸ்பின்னர். 2020 டிசம்பர் 4 ஆம் திகதி, 19 வயது நிறைய ஒரு நாள் இருக்க, லங்கா பிரீமியர் லீக்கில் ஜப்னா ஸ்டாலியன்ஸ் அணிக்காக இறங்கி அஞ்சலோ மத்யூஸை ஆட்டமிழக்கச் செய்தார். அன்றிரவு எங்கள் தெருவில் வெடி கொளுத்தினோம். 2024 மே மாதம் வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாக சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணியில் ஐபிஎல்லும் ஆடிவிட்டார். எனக்கும் அது பெருமைதான். ஆனால் அவர் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே லீக் வழியாக ஏறியவர். அந்தக் கதவு எல்லாருக்கும் அதே வயதில் திறக்காது. மற்றப் பிள்ளைகளுக்குக் கழகம்தான் வழி. வேகப்பந்து வீசுபவனுக்கு சென். ஜோன்ஸ் கல்லூரியின் குகதாஸ் மாதுளனை உதாரணமாகக் காட்டலாம். மாலிங்கவைப் போலக் கையைத் தாழ்த்தி வீசி, இலங்கையின் 19 வயதுக்குட்பட்ட அணி வரை போனவர்.

இனி மருமகனின் கதை. கொழும்பில் கழகப் பயிற்சியின் முதல் நாள் நானும் கூடப் போயிருந்தேன். அவன் படித்த பள்ளிக்கூடத்தில் மட்டிங்தான். காலையில் பிள்ளைகளே தும்புப் பாயை இழுத்து விரித்து, சுற்றிவர ஆணி அடித்து இறுக்குவார்கள். அந்தப் பாயில் பந்து குத்தினால் எழும்பும், கட்டர், அதாவது விரலால் தையலை வெட்டி விடும் பந்து, போட்டால் பிடித்துத் திரும்பும். ரப்பர் அடி வைத்த சப்பாத்துப் போதும். கொழும்பில் புற்தரை, காலைப் பனி காயவில்லை. ஓடிவந்து இடது காலை ஊன்றினான், அப்படியே சறுக்கி முழங்காலில் விழுந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. பயிற்சியாளர் வந்து அவன் சப்பாத்தைத் திருப்பி அடியைப் பார்த்தார். பிறகு யாரோ ஒரு பெடியனின் ஸ்பைக்ஸ் சப்பாத்து வந்தது, ஒரு அளவு பெரிது. முன்பக்கம் காலுறையைத் திணித்துக்கொண்டு வீசினான். வீசிய பந்தெல்லாம் ஊரில் விக்கெட் எடுத்த அதே இடத்தில்தான் விழுந்தது. இங்கே அது எழும்பாமல் இடுப்பளவில் நின்றது, ஒவ்வொன்றையும் மடக்கி அடித்தார்கள். மதியம் தண்ணீர் குடிக்க வந்தவன், "மாமா, பந்து எழும்புதில்லை" என்றான். எனக்குச் சொல்லப் பதில் இல்லை.

பந்தை இன்னும் முன்னால் விழுத்தவும், தையலை நேராகப் பிடித்துக் காற்றில் வளைக்கவும் அவன் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. முழுதாக ஒரு பருவம் போனது. 13 வயதிலேயே புற்தரையில் வீசி வளர்ந்த பையன்களோடு 19 வயதில் போட்டி போடுகிறான் என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். ஊரில் யாரும் எங்களுக்கு அதைச் சொல்லவில்லை.

அடுத்தது மொழி. 23 வயதுக்குட்பட்ட அணியின் ஆட்டம் ஒன்றில் தலைவர் "பஸ்ஸட, பஸ்ஸட" என்று கத்த, இவன் நின்ற இடத்திலேயே நின்றான். பந்து தலைக்கு மேலால் போய் நான்கு ஓட்டம். பின்னுக்குப் போ என்றுதான் அவர் சொன்னார். அன்றிரவே அவனுடைய அறைத் தோழன், குருநாகல் பெடியன், ஒரு கொப்பியில் களத்தில் பேசும் சிங்களச் சொற்களை இவனைக் கொண்டு தமிழெழுத்தில் எழுதவைத்தான். பதிலுக்கு இவன் அவனுக்குத் தமிழ்ச் சொற்கள் எழுதிக் கொடுத்தான். அந்தக் கொப்பியை அக்கா இன்னும் வைத்திருக்கிறா.

காசு விஷயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். முதல் வருடம் கழகத்திலிருந்து கிடைத்தது போக்குவரத்துக்கே காணாது. வெள்ளவத்தையில் அறை வாடகையை அவனுடைய சித்தப்பா கனடாவிலிருந்து அனுப்பினார். அப்படி ஒரு கை இல்லாத வீட்டுப் பிள்ளைகள், இவனைவிட நன்றாக வீசியவர்கள், இரண்டு மாதத்தில் திரும்பி வந்ததைக் கண்டிருக்கிறேன். அவர்களில் ஒருவன் இப்போது மென்பந்துப் போட்டிகளில் மட்டும் ஆடுகிறான். பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலுள்ள மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அடிக்கல் நட்டார். வரட்டும், நல்லது. ஆனால் என்னைக் கேட்டால், பார்வையாளர் மண்டபத்தைவிட அங்கே பள்ளிப் பிள்ளைகள் தினமும் வீசிப் பழகப் புற்தரைப் பயிற்சி ஆடுகளங்கள்தான் முதலில் வர வேண்டும்.

போன பருவத்தில் மருமகன் தன் முதலாவது மூன்று நாள் ஆட்டத்தை ஆடினான். 14 ஓவர், ஒரு விக்கெட், விக்கெட் காப்பாளர் பிடித்த பிடி. இரவு அழைத்து, "ஒண்டுதான் மாமா" என்றான். அக்கா தொலைபேசியைப் பறித்து, "சாப்பிட்டியோ?" என்று கேட்டா. பிறகு இரண்டு பேரும் கனநேரம் கதைக்கவே இல்லை. தொலைபேசியை வைக்கவும் இல்லை.

உங்கள் மகனைப் பற்றி: உயர்தரப் பரீட்சையை நிறுத்த வேண்டாம், ரியூஷனுக்காகப் பந்துவீச்சை முழுதாக நிறுத்தவும் வேண்டாம். கிழமையில் இரண்டு மாலை போதும், தோள் பழக்கம் விட்டுப்போகாது. 16 வயதுக்குள் ஒவ்வொரு ஓகஸ்ட் விடுமுறையிலும் புற்தரை உள்ள இடத்துக்கு இரண்டு கிழமையாவது கூட்டிப்போங்கள், வெள்ளவத்தையில் சொந்தக்காரர் யாராவது இருப்பார்கள்தானே. சிங்களம் இப்போதே பழகட்டும். ஸ்பைக்ஸ் சப்பாத்து ஒரு சோடி, அவன் கால் அளவுக்கு, பயணத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். மாவட்டத் தெரிவு எப்போது என்று பள்ளிக்கூடப் பயிற்சியாளரிடம் நீங்களே போய்க் கேளுங்கள், கடிதம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். வேறு ஏதாவது தெரிய வேண்டுமென்றால் கேளுங்கள். மருமகனிடம் விசாரித்து எழுதுகிறேன்.