எல்.ஆர். யார் பேர்ல இருக்கு? சரக்கு அனுப்புறவங்களுக்கு அண்ணாச்சி பதில்

பேட்டை, அரிசி வியாபாரி: அண்ணாச்சி, கொல்லத்துக்கு அனுப்பின அரிசி நனைஞ்சு போய்ச் சேந்திருக்கு. புக் பண்ணின டிரான்ஸ்போர்ட் வேற வண்டியில ஏத்தி விட்டிருக்காங்க. இப்ப ரெண்டு பேரும் கைய விரிக்காங்க. யாரைக் கேக்க?

பதில்: எல்.ஆர். (சரக்கை வாங்கிக்கிட்டதுக்கு டிரான்ஸ்போர்ட் தர்ற லாரி ரசீது) எந்த டிரான்ஸ்போர்ட் பேர்ல இருக்கோ அவங்களைத்தான். அட்டாச் வண்டிக்காரரை, அதாவது அவங்க வாடகைக்குப் பிடிச்ச வண்டிக்காரரைத் தேடி அலைய வேண்டாம். 2007 சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, புக் பண்ணின நாள்ல இருந்து 180 நாளைக்குள்ள எழுத்துல நோட்டீஸ் கொடுங்க. கொடுக்காம கோர்ட்டுக்குப் போக முடியாது. போன்ல சத்தம் போட்டது கணக்குல வராது. சரக்கு மதிப்பைச் சொல்லி, கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டலைன்னா நஷ்ட ஈடு பொதுவா வாடகையில பத்து மடங்குதான் உச்சம். வாடகை 15,000னா 1,50,000 ரூபாய். உள்ள ஆறு லட்சத்துக்கு அரிசி இருந்தாலும் அவ்வளவுதான். இனிமே இறக்குற இடத்துல, நனைஞ்ச மூட்டை எத்தனைன்னு எல்.ஆர். காப்பியிலேயே எழுதி டிரைவர்கிட்ட கையெழுத்து வாங்கச் சொல்லுங்க. எழுதாம சீல் குத்திக் கொடுத்தா அப்புறம் நிரூபிக்கிறது ரொம்பச் சிரமம்.

மேலப்பாளையம்: வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்குன்னு சொல்லுதாங்களே?

பதில்: அது வண்டிக்கு. சரக்குக்கு நீங்க தனியா ட்ரான்சிட் பாலிசி (வழியில சரக்குக்கு வர்ற சேதத்துக்கான இன்சூரன்ஸ்) எடுக்கணும்.

கங்கைகொண்டான், கன்டெய்னர் அனுப்புறவர்: 2023 வெள்ளத்துக்கு அப்புறம் ரெண்டு டிரான்ஸ்போர்ட் வச்சிருக்கேன். போதுமா அண்ணாச்சி?

பதில்: ரெண்டு பேரும் யார்கிட்ட வண்டி எடுக்காங்கன்னு கேட்டீங்களா? நம்ம பக்கம் நிறைய புக்கிங் ஆபீஸுக்குச் சொந்த வண்டி கிடையாது. ஒரே புரோக்கர்கிட்ட ரெண்டு பேரும் வாங்கினா, வண்டி தட்டுப்பாடான அன்னைக்கு ரெண்டு போன்லயும் "வண்டி இல்ல"ங்கிற பதில்தான் வரும். அதை ரெண்டுன்னு எண்ணாதீங்க. சொந்த வண்டி எத்தனை, யார்டு எங்க, மேடா பள்ளமான்னு நேர்ல போய்ப் பாருங்க.

அந்த டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுச்சு. ஸ்ரீவைகுண்டத்துல ரயிலே நின்னுபோச்சு, ரோடும் அறுந்துச்சு. அப்படிப்பட்ட நாள்ல பத்து டிரான்ஸ்போர்ட் இருந்தும் பிரயோஜனமில்ல. அதனால ஐப்பசியில இருந்து மார்கழி வரைக்கும், கப்பல் கட்-ஆஃப்புக்கு (கப்பலுக்குக் கன்டெய்னரை ஒப்படைக்கிற கடைசி நேரத்துக்கு) முந்தின நாள் ஏத்துற பழக்கத்தை விடுங்க. ரெண்டு மூணு நாள் முன்னாலயே துறைமுகப் பக்கம் மேடான யார்டுல சேத்துருங்க. தூத்துக்குடி டவுன்லயும் தண்ணி நின்னதை மறக்கக் கூடாது. வாடகை கூடத்தான் ஆகும், ஆகட்டும். வெள்ளத்தைத் தெய்வச் செயல்னு சொல்லி டிரான்ஸ்போர்ட்காரர் விலகிக்கிடலாம், சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு. மலிவான ட்ரான்சிட் பாலிசியில வெள்ளம் சேராது, படிச்சுப் பாத்து வாங்குங்க.

வள்ளியூர்: வீட்டுக்காரருக்கு அப்புறம் மூணு லாரியையும் நான்தான் பாக்கேன் அண்ணாச்சி. முக்காவாசி லோடு ஒரே கம்பெனி. மூணு மாசமா வாடகை பாக்கி வரல. கேட்டா லோடை நிப்பாட்டிருவாங்களோன்னு பயமா இருக்கு.

பதில்: பயம் நியாயம்தான் தங்கச்சி. அதனாலதான் ஒரு வண்டியையாவது பாவூர்சத்திரம் மார்க்கெட் லோடுக்கு விடுங்கன்னு சொல்லுதேன். உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இருக்கா? இல்லைன்னா இன்னைக்கே ஆன்லைன்ல போடுங்க, கட்டணம் கிடையாது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளைக்கு மேல பணத்தை இழுக்கக் கூடாதுன்னு 2006 சட்டம் சொல்லுது. எழுத்துல ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள்தான். தாமதிச்சா வட்டியும் உண்டு. பதிவுக்கு அப்புறம் போடுற பில்லுக்குத்தான் இதை நம்பலாம், அதனால தள்ளிப் போடாதீங்க. பில்லு தலைப்புலயே உத்யம் நம்பரை அச்சடிச்சிருங்க, அவங்க கணக்குப்பிள்ளை கண்ணுல படட்டும்.