அறிவியலின் வரலாறும் தத்துவமும் படிக்க எங்கே வாய்ப்பு இருக்கிறது? நம்பி இறங்கலாமா?

கேள்வி: இயற்பியலில் இளங்கலை முடிக்கப் போகிறேன். அறிவியலின் வரலாறும் தத்துவமும் மேலே படிக்க ஆசை. எங்கெல்லாம் படிக்கலாம், உதவித்தொகை கிடைக்குமா, பி.எச்டி வரை போனால் வேலை உண்டா?

படிக்க இடம் உண்டு. படித்தபின் நிரந்தரமாக உட்கார நாற்காலிதான் குறைவு. இதை உங்களிடம் ஏற்கெனவே யாராவது சொல்லிப் பயமுறுத்தியிருப்பார்கள். நானும் இயற்பியலிலிருந்து இந்தப் பக்கம் வந்து, வரலாற்றில் முனைவர் ஆய்வு செய்தவன். அதனால் பயமுறுத்துகிறவர்கள் சொல்லாமல் விடுவதைச் சொல்கிறேன்.

துறையின் பெயரில் வரலாறும் தத்துவமும் சேர்ந்தே இருக்கும். உள்ளே போனால் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. தத்துவக்காரர்கள் குவாண்டம் இயற்பியலில் அளவீடு என்றால் என்ன, இயற்கைத் தேர்வு மரபணுவைத் தேர்கிறதா உயிரியைத் தேர்கிறதா என்று ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வாதத்தாலேயே நகர்த்துவார்கள். வரலாற்றுக்காரர்களுக்குக் கடிதம், ஆய்வக நோட்டு, பழைய கருவி, சில சமயம் வரவு செலவுக் கணக்கு. வேலை தேடும்போது முதலாமவர் தத்துவத் துறையின் கதவைத் தட்டுவார், அடுத்தவர் வரலாற்றுத் துறையின் கதவை. இரண்டிலும் கால் வைக்கலாம். உங்கள் எடை எந்தக் காலில் என்பது மட்டும் முதுகலை முடிவதற்குள் உங்களுக்குத் தெரிந்துவிட வேண்டும்.

இயற்பியல் படித்தது வீணாகிவிடுமோ என்று கவலை வேண்டாம். அதுதான் உங்கள் கைமுதல். ஜேம்ஸ் ஜூலின் துடுப்புச் சக்கரச் சோதனையைப் படித்திருப்பீர்கள். எடைகள் கீழே இறங்க, நீருக்குள் சக்கரம் சுற்ற, நீர் சூடாகும். எவ்வளவு சூடாகும்? 1850-இல் வெளிவந்த அவருடைய கட்டுரையைப் பாருங்கள்: எடைகளை 20 முறை மேலே ஏற்றி இறங்கவிட்டு, அரை மணி நேரத்துக்கு மேல் மல்லுக்கட்டினால், அரை டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவுதான். ஓட்டோ சிபும் என்ற ஜெர்மன் வரலாற்றாய்வாளர் 1990-களில் அதே மாதிரிக் கருவியைச் செய்து, சோதனையைத் தானே நடத்திப் பார்த்தார். எடைகளை ஏற்றுபவரின் உடல் சூடே அறையைச் சூடாக்கி அளவைக் குழப்புகிறது. அப்புறம் ஜூல் எப்படிச் சமாளித்தார் என்று தேடினால், அவர் குடும்பத்தொழிலான பீர் ஆலைக்குப் போய்ச் சேருகிறோம். வெப்பநிலையை நுணுக்கமாகப் பார்ப்பது அங்கே அன்றாடப் பிழைப்பு. அந்தக் கைப்பழக்கம் கட்டுரையில் எங்கும் எழுதப்படவில்லை. வெப்ப இயக்கவியல் தெரியாத ஒருவருக்கு இந்தக் கேள்வியே தோன்றியிருக்காது.

சரி, எங்கே படிப்பது? தனித்துறையாகவே நடத்தும் பெயர்பெற்ற இடங்கள் கேம்பிரிட்ஜும் பிட்ஸ்பர்க்கும். கேம்பிரிட்ஜ் துறைக்குள்ளேயே விப்பிள் அருங்காட்சியகம் இருக்கிறது. 1944-இல் ராபர்ட் விப்பிள் கொடுத்த கருவிகளும் நூல்களும்தான் அதன் தொடக்கம். அங்கே முதுகலை ஒன்பது மாதம், கட்டுரைகளும் ஆய்வேடும் எழுதியே பட்டம் வாங்கலாம். வேகமான ஓட்டம், மூச்சு வாங்கும். நிதானமாகக் கற்க நினைத்தால் நெதர்லாந்தில் உட்ரெக்ட்டின் இரண்டாண்டு முதுகலை நல்லது, ஆங்கிலத்திலேயே நடக்கிறது. டொராண்டோ, லீட்ஸ், யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன் (யுசிஎல்) மூன்றும் வரலாறு, தத்துவம் இரண்டுக்கும் இடம் கொடுப்பவை. தத்துவம்தான் என்று உறுதியாகிவிட்டால் தத்துவவாதி கார்ல் பாப்பர் 1946-இல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் (எல்எஸ்இ) தொடங்கிய துறை, மியூனிக், கலிபோர்னியாவின் இர்வைன், இயற்பியலின் தத்துவத்துக்கென்றே தனி முதுகலை வைத்திருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு ஆகியவற்றைப் பாருங்கள். வரலாற்றுக்கு ஹார்வர்டில் தனித்துறை. பிரின்ஸ்டனில் வரலாற்றுத் துறைக்குள்ளேயே தனித் திட்டம்.

ஆனால் பெயர்ப்பலகையை நம்பி மட்டும் போகாதீர்கள். பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1947-இல் ஓட்டோ நாய்கெபவருக்காகவே கணித வரலாற்றுத் துறை ஒன்றை உண்டாக்கினார்கள். பாபிலோனியக் களிமண் பலகைகளின் கணிதத்தைப் படித்துக் காட்டியவர் அவர். உலகமே திரும்பிப் பார்த்த துறை. அதைக் கடைசியாகத் தாங்கி நின்ற டேவிட் பிங்ரீ 2005-இல் காலமானதும் அது முடிந்துபோனது. இந்தத் துறையில் பல இடங்கள் இப்படி ஒன்றிரண்டு ஆட்களால்தான் நிற்கின்றன. ஆகவே உங்களுக்குப் பிடித்த ஐந்தாறு ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து, எழுதியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எப்போது ஓய்வு பெறுவார்கள் என்று பாருங்கள். நெறியாளர் பாதியில் போய்விட்டால் மாணவர் படும் பாட்டை நான் அருகிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

பண விஷயம். அமெரிக்காவில் இளங்கலையிலிருந்தே நேராக பி.எச்டிக்கு விண்ணப்பிக்கலாம், நல்ல துறைகளில் கட்டணமும் இல்லை, மாதப்பணமும் வரும், கூடவே வகுப்பெடுக்கச் சொல்வார்கள். ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். பிரிட்டனில் பெரும்பாலும் முதுகலை முதலில்; பி.எச்டி மூன்று, நான்கு ஆண்டுகள். இடம் கிடைத்தாலும் பணத்துக்குத் தனியாகப் போட்டி போட வேண்டும். நெதர்லாந்தில் பி.எச்டி மாணவர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர், விளம்பரம் வரும்போது விண்ணப்பிக்க வேண்டும். என் கருத்து ஒன்றே: கைக்காசு போட்டு பி.எச்டி செய்யாதீர்கள். எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம். முதுகலைக்குக் கடன் வாங்குவதையே நான் இரண்டு முறை யோசிக்கச் சொல்வேன்.

விண்ணப்பத்தில் ஆளைத் தூக்குவதும் கவிழ்ப்பதும் அதோடு அனுப்பும் மாதிரிக் கட்டுரைதான். மதிப்பெண் பட்டியலில் எல்லோரும் ஒரே மாதிரி இருப்பார்கள். “ஐன்ஸ்டீனும் தத்துவமும்” என்று தலைப்பு வைத்தால் முதல் பக்கத்திலேயே படிப்பவருக்குச் சலிப்பு வந்துவிடும். சின்னதாக எடுங்கள். உதாரணத்துக்கு, நீர் உலோகப் பாத்திரத்தில் கொதிப்பதைவிடக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு டிகிரிக்கு மேல் அதிகமாகச் சூடாகித்தான் கொதிக்கிறது என்று பிரெஞ்சு வேதியியலாளர் கே-லூசாக் கண்டிருக்கிறார். அப்படியிருக்க, கொதிநிலையை வைத்து வெப்பமானிக்கு அளவு குறித்தது எப்படிச் செல்லும்? 1777-இலேயே லண்டன் ராயல் சொசைட்டியின் குழு ஒன்று, நீரை விட்டுவிட்டு நீராவியின் வெப்பநிலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னது. ஏன் நீராவி? இந்த ஒரு கேள்வியில் வரலாறும் இருக்கிறது, தத்துவமும் இருக்கிறது. ஹாசோக் சாங் என்ற அறிவியல் தத்துவ ஆய்வாளர் இதைத்தான் நோண்டினார், பழைய சோதனைகளைத் தன் கையால் செய்தும் பார்த்தார். அவரும் இயற்பியல் படித்துத் தத்துவத்துக்கு வந்தவர்.

மாதிரிக் கட்டுரைக்கு மூலங்கள் தேடி எங்கும் பயணம் போக வேண்டியதில்லை. டார்வின் எழுதியதும் பெற்றதுமாக 15,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நியூட்டனின் ரசவாதக் குறிப்புகள்கூடப் படியெடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. தத்துவத்துக்கு ஃபில்சை ஆர்க்கைவ் (PhilSci Archive) என்ற இணையக் களஞ்சியத்தில் முன்பதிப்புகளைப் படித்தாலே துறை இன்று எதைப் பற்றிச் சண்டை போடுகிறது என்று புரிந்துவிடும். வரலாற்றுக்கு ஆங்கிலம் தவிர இன்னொரு மொழி வேண்டும்: ஜெர்மன், லத்தீன், அரபி, உங்கள் காலகட்டம் எதைக் கேட்கிறதோ அது. இன்றைக்கே தொடங்குங்கள், மொழி அவசரத்துக்கு வராது.

பி.எச்டி நடுவிலும் முடிந்த பிறகும் சிறு ஃபெலோஷிப்கள் உண்டு. பெர்லினில் 1994-இல் தொடங்கிய மாக்ஸ் பிளாங்க் அறிவியல் வரலாற்று நிறுவனம், ஃபிலடெல்ஃபியாவின் அறிவியல் வரலாற்று நிறுவனம், கன்சாஸ் சிட்டியின் லிண்டா ஹால் நூலகம் எல்லாம் ஆய்வாளர்களைப் பணம் கொடுத்து அழைத்து வைத்துக்கொள்கின்றன. நிரந்தரப் பேராசிரியர் பணி கிடைப்பதற்குள் இப்படி இரண்டு மூன்று இடம் மாறுவது சகஜம். மாறியும் கிடைக்காமல் போவதும் சகஜம். கூடப் படித்தவர்களில் சிலர் அருங்காட்சியகத்திலும், சிலர் அறிவியல் இதழ்களின் ஆசிரியர் குழுவிலும், சிலர் அறிவியல் கொள்கை வகுக்கும் இடங்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் யாரும் வேலை பிடிக்கவில்லை என்று என்னிடம் சொன்னதில்லை. தலைப்பை எடுக்கும்போதே இந்தக் கதவுகளையும் மனதில் வையுங்கள். கருவிகளைப் பற்றி ஆய்வு செய்தவரை அருங்காட்சியகம் பொருட்படுத்தும்.

கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர் வாக்கில் வரும். நெறியாளராக வேண்டும் என்று நினைப்பவருக்கு செப்டம்பரிலேயே மெயில் போடுங்கள். பத்து வரிக்கு மேல் வேண்டாம். அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் எந்த இடத்திலிருந்து உங்கள் கேள்வி கிளம்புகிறது, அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கிறாரா என்று கேட்டால் போதும். பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் வரவில்லையென்றால் அடுத்த பெயருக்குப் போய்விடுங்கள்.