பனிமூட்டத்துல ரன்வேயே தெரியாதப்ப பைலட் எப்படி இறக்குறாரு? ரன்வேக்கு முன்னாடி வயக்காடு வரைக்கும் நட்டு வச்சிருக்கிற லைட்டெல்லாம் எதுக்கு?

நான் பர்மாவுல பொறந்து வளர்ந்தவன், வேலை ஏர்போர்ட் லைட்டிங் எலக்ட்ரீஷியன், பதினாலு வருஷமா இதே வேலைதான், எந்த ஏர்போர்ட்னு மட்டும் சொல்லல. கேள்வி கேட்டவர் டிசம்பர் மாசம் விடியக்காலை ஃப்ளைட்ல ரங்கூன் வந்தப்ப ஜன்னல்ல வெறும் வெள்ளையா இருந்துச்சு, திடீர்னு கீழ லைட் வரிசையா ஓடுச்சு, உடனே சக்கரம் தரையத் தொட்டுருச்சுன்னு எழுதியிருக்காரு. அந்த லைட்டுதான் எனக்கு சோறு போடுது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

மேகத்துக்குள்ள விமானத்தைக் கொண்டு வர்றது ஐஎல்எஸ், ரேடியோ அலைதான், 3 டிகிரி சரிவுல இறக்கிட்டு வரும். ஆனா அது கடைசி வரைக்கும் போதாது. கேட் ஒன்னுன்னு சொல்ற சாதாரண வகையில 200 அடி உயரத்துக்கு வந்ததும் பைலட் கண்ணால எதையாவது பார்த்தாகணும், பார்க்கலைன்னா மறுபடி மேல ஏறிடணும், யோசிக்கிறதுக்கெல்லாம் அங்க நேரம் கிடையாது. இப்ப கணக்கு போட்டுப் பாருங்க, 3 டிகிரி சரிவுல 200 அடியில இருக்கிற விமானம் ரன்வே ஆரம்பத்துக்கு ஏறக்குறைய 870 மீட்டர் தள்ளி இருக்கும். ரன்வேக்கு முன்னாடி நட்டு வச்சிருக்கிற அந்த லைட் வரிசைக்கு அப்ரோச் லைட்னு பேரு, அதோட முழு நீளம் 900 மீட்டர். ஏன் 900னு புது பசங்க எல்லாரும் கேப்பாங்க, பதில் இதுதான், பைலட் முடிவெடுக்கிற எடத்துல அவர் காலுக்குக் கீழ லைட் ஆரம்பிச்சிருக்கணும்.

அந்த நேரத்துல 550 மீட்டர் வரைக்கும்தான் கண்ணு தெரியுதுன்னு வச்சுக்கங்க, விமானத்தோட மூக்கு வேற கிட்டத்துல இருக்கிறதை மறைச்சிரும், மிச்சம் அவருக்குத் தெரியறது முன்னாடி ஒரு 300 மீட்டர் துண்டு. லைட் 30 மீட்டருக்கு ஒண்ணு, ஆக பத்து வரிசை. ரன்வே அதுக்கும் அந்தப் பக்கம் இருக்கு, சுத்தமா தெரியாது. ரன்வேயைப் பார்த்துட்டுத்தான் இறங்குறாங்கன்னு எல்லாரும் நெனைக்கிறோம், பனியில முதல்ல பார்க்கிறது இந்தப் பத்து வரிசையைத்தான், அங்கேருந்து ரன்வே முனைக்குப் போக 12 செகண்ட் ஆகும், அவ்வளவுதான்.

அந்தப் பத்து வரிசை என்ன சொல்லும்னா, நடு வரிசை நேரா வந்தா நீ நடுவுல இருக்க, சாஞ்சு வந்தா பக்கத்துல தள்ளிப் போயிட்ட. குறுக்க ஒரு பார் இருக்கும் பாருங்க, ரன்வேக்கு 300 மீட்டர் முன்னாடி, அது அடிவானத்துக்குப் பதிலா, ரெக்கை சமமா இருக்கான்னு அதை வச்சுத்தான் தெரியும், ஏன்னா பனிக்குள்ள மேலயும் கீழயும் ஒரே வெள்ளை, ஒடம்பு பொய் சொல்லும். 1940கள்ல இங்கிலாந்துல ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்துல கல்வர்ட்னு ஒருத்தர் இதை உக்காந்து யோசிச்சு 150 மீட்டருக்கு ஒண்ணா அஞ்சு குறுக்கு பார் வச்சாரு, உள்ள வர வர பார் குறுகும், நடு வரிசையும் வெளிய மூணு மூணு லைட், அப்புறம் ரெண்டு, கடைசி 300 மீட்டருக்கு ஒண்ணு, எண்ணிப் பார்க்காமலே எவ்வளவு தூரம் இருக்குன்னு கண்ணுக்குப் புரிஞ்சிரும். அந்த மனுஷன் மேல எனக்குப் பெரிய மரியாதை.

ஐஎல்எஸ் இல்லாத எடத்துல பனியில இறங்குறது எவ்வளவு கஷ்டம்னு பர்மாவுலயே பார்த்தோம். 2012 டிசம்பர் 25, மாண்டலேலேருந்து ஹேஹோ போன ஏர் பகான் ஃபாக்கர் 100, பனிக்குள்ள ரன்வேக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல முன்னாடியே கரண்ட் கம்பியில மோதி கீழ விழுந்து தீப்பிடிச்சுச்சு. உள்ள 71 பேர், அதுல ஒருத்தரும் கீழ மோட்டார் சைக்கிள்ல போன ஒருத்தரும் செத்துட்டாங்க. அப்ப அங்க ஐஎல்எஸ் கெடையாது, என்டிபின்னு பழைய ரேடியோ வழிகாட்டி, அது தெசையைக் காட்டும், உயரத்தைக் காட்டாது.

சரி எங்க வேலைக்கு வர்றேன். எல்லா லைட்டும் ஒரே கேபிள்ல மாலை கோத்த மாதிரி சீரியல்ல ஓடுது, ஒவ்வொண்ணுக்கும் அடியில ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதால ஒரு பல்ப் போனாலும் மத்தது எரியும். வெளிச்சம் அஞ்சு படி, 2.8 ஆம்பியர்லேருந்து 6.6 வரைக்கும். மழைக்காலம் ஆரம்பிச்சா ஈசல் வந்து சூடான கண்ணாடியில ஒட்டிக் கருகிப் போயிரும், ரெக்கை மட்டும் அப்படியே பதிஞ்சு நிக்கும், ஈரத்துணியால தொடச்சா போகாது, நகத்தால சொரண்டணும்.

ஒரு தடவை வேலிக்கு வெளிய இருக்கிற கம்பத்துல எருமை ஒண்ணு முதுகைத் தேய்ச்சிருக்கு, கம்பம் வேற மோதினா ஒடையற மாதிரி மெல்லிசாத்தான் இருக்கும், விமானம் தட்டினா அதுக்கு அடி படக்கூடாதுன்னு அப்படிப் பண்ணியிருக்கு. நான் போய்ப் பார்த்தேன், லைட் நல்லா எரியுது, எழுதிட்டு வந்துட்டேன். எங்க சயா (பர்மாவுல தொழில் சொல்லிக் குடுக்கிறவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) என்னைத் திருப்பிக் கூட்டிட்டுப் போனாரு, கோண அளவியை லைட் மேல வச்சாரு, சில டிகிரி மேல பார்த்து நிக்க வேண்டியது கீழ குனிஞ்சிருக்கு. "நீ தரையிலேருந்து பார்க்கிற தம்பி, அவன் மேலேருந்து பார்க்கிறான், அவனுக்கு இது அணைஞ்ச லைட்டு"ன்னாரு. அன்னையிலேருந்து கோணம் பார்க்காம நான் கையெழுத்து போட்டதே இல்ல.

அப்புறம் கரண்ட். ஊரே மீ ப்யட்னு (பர்மியில கரண்ட் கட்டுக்கு அப்படித்தான் சொல்வோம்) இருட்டுல கெடக்கும்போது அங்க மட்டும் எப்படின்னு கேப்பாங்க, ஜெனரேட்டர்தான், கேட் ஒன்னு அப்ரோச் லைட்டுக்கு 15 செகண்டுக்குள்ள திரும்ப வந்தாகணும், இன்னும் அடர்த்தியான பனியில இறக்குற கேட் டூ, த்ரீன்னா உள்பக்க 300 மீட்டருக்கு ஒரே ஒரு செகண்டுதான்.

பகல்ல ஏன் இவ்வளவு வெளிச்சமா எரிய விட்டு கரண்ட வீணாக்குறீங்கன்னு எங்க அத்தைகூட கேட்டுச்சு. காலைல சூரியன் மேல வந்ததும் பனி உள்ளயே வெளிச்சமாயிரும், அந்த வெள்ளையை ஜெயிச்சு லைட் தெரியணும்னா அஞ்சாம் படியில வச்சாத்தான் ஆகும், அதே அஞ்சாம் படியை ராத்திரி வச்சா பைலட் கண்ணு கூசிப்போகும், அப்ப டவர்ல கொறைச்சிருவாங்க. ஜனவரி காலையில ஒன்பது மணி ஒன்பதரைக்குப் பனி விலகும்போது டவர்ல படியை இறக்கினா லைட்டுக்குப் போற கரண்டைக் கூட்டிக் கொறைக்கிற ரெகுலேட்டரோட உறுமல் மாறுறது எங்க ரூம்ல நல்லா கேக்கும், அது கேட்ட பிறகுதான் நாங்க டீக்கடைக்குக் கெளம்புவோம்.