பூநாரைகளின் முதுகு

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் நண்பனுடன் சூலூர்பேட்டை வந்து, பழவேற்காடு ஏரியைக் கடந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையில் பூநாரைகளைப் படம் எடுத்தேன். வேலைக்குச் சேர்ந்து முதன்முதலாக வாங்கிய கேமரா, 400 எம்.எம். வரை போகும் லென்ஸ். பத்து மணிக்கு மேல் எடுத்த படம் ஒன்றுகூடக் கூர்மையாக இல்லை. வெள்ளைப் பறவைகள் சாம்பலாக விழுகின்றன. கூட்டம் அசையாமல் மேய்ந்துகொண்டே இருந்ததால் நண்பன் காய்ந்த சேற்றில் பைக்கை ஓட்டிப் பறக்க வைத்தான். அந்தப் படம் மட்டும் பரவாயில்லை, இணைத்திருக்கிறேன். 600 எம்.எம். லென்ஸ் வாங்கலாமா? படத்தை மூன்றாகப் பிரித்து அமைக்கும் விதியை எப்போது மீறலாம்?

எம்., ஆவடி

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் அதே சாலையோரம் சேற்றில் பைக் தடங்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அவை உங்கள் நண்பருடையவை என்று சொல்லவில்லை. இந்தப் பருவத்தில் ஞாயிற்றுக்கிழமையானால் இது நடக்கிறது, மனம் கொதிக்கிறது. அந்தக் கொதிப்போடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாகப் பிரிக்கும் விதியை விட்டுவிடுங்கள். பறவையின் பிம்பம் தண்ணீரில் விழுந்தால் அதைப் பாதியில் வெட்டாதீர்கள், அவ்வளவுதான். பிம்பத்துக்கு இடம் விட்டால் பறவை தானாகச் சரியான இடத்தில் போய் நிற்கும். சாம்பல் விஷயமும் சின்னதுதான். பளிச்சென்ற நீரும் வெள்ளை இறகும் படம் முழுக்க இருந்தால் கேமரா அதை மட்டுப்படுத்தி நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தை அளக்கும் படி) கூட்டுங்கள். நேலப்பட்டு சரணாலயத்தில் இருண்ட மரத்தில் ஒரு வெள்ளை அரிவாள்மூக்கன் உட்கார்ந்திருந்தால் அதற்கு நேர்மாறாகக் குறைக்க வேண்டும்.

சரி, கூர்மை. உங்கள் லென்ஸில் கோளாறு இல்லை. வெயில் ஏறியதும் சேற்றுப் பரப்பு சூடாகி, அதன்மேல் காற்று அலையாடத் தொடங்கிவிடும். இருநூறு மீட்டர் தள்ளி நிற்கும் பறவையை அந்தக் கானலின் ஊடாகத்தான் எடுக்கிறீர்கள். 600 எம்.எம். வாங்கினால் கானலும் சேர்ந்து பெரிதாகத் தெரியும், வேறு பயன் இல்லை.

இனி அந்தப் பறக்கும் படம். அதைப் பரவாயில்லை என்கிறீர்கள். இன்னொரு தடவை திறந்து பாருங்கள். ஒரு பறவையின் கண்ணாவது தெரிகிறதா? எல்லாம் முதுகும் வாலும் பின்னுக்கு நீண்ட கால்களும்தான். துரத்தப்பட்ட பறவை துரத்துகிறவனுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் போகும், வேறெங்கே போகும்? ஒரு கூட்டம் தானாக எழுந்ததா, விரட்டி எழுப்பியதா என்பது படத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட படங்களுக்குப் போட்டிகளில் பரிசு கொடுப்பதைப் பார்க்கும்போது நடுவர்கள்மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வருகிறது.

பூநாரை கொக்கைப்போல நின்ற இடத்திலிருந்து எழும்பாது. தண்ணீர்மேல் தடதடவென்று சில மீட்டர் ஓடித்தான் மேலேறும். தலையைக் கவிழ்த்து, அலகைச் சேற்றுநீரில் வைத்து வடிகட்டி, பொடிப்பொடியாகச் சேர்க்கும் தீனி அதனுடையது. அப்படிச் சேர்த்ததை ஒரு படத்துக்காக ஓடிச் செலவழிக்க வைத்திருக்கிறீர்கள். சரணாலயத்துக்குள் விலங்கையோ பறவையையோ சீண்டக்கூடாது என்று 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. சட்டம் இருக்கட்டும். முதலில் பசியோடிருக்கிற ஒரு உயிரிடம் இப்படி நடந்துகொள்ளலாமா?

எனக்கு இந்த ஏரியைக் காட்டியவர், இதிலுள்ள இரக்கம் என்ற தீவைச் சேர்ந்த ஒரு படகுக்காரர். நானிருப்பது தெலுங்கு ஊர், ஆனால் அவரோடு பேச்செல்லாம் தமிழில்தான். கூட்டம் தூரத்தில் தெரியும்போதே எஞ்சினை அணைத்துவிட்டுக் கழியை எடுத்துவிடுவார். நான் கேமராவுக்குள் கண்ணை வைத்திருப்பேன், அவர் கழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். “தம்பி, தலையத் தூக்கிருச்சு பாருங்க. இதுக்கு மேல வேணாம்” என்பார். மேய்கிற கூட்டத்தில் நாலைந்து கழுத்துகள் நேராக நிமிர்ந்தால் நம்மைப் பார்த்துவிட்டன என்று பொருள். எல்லாக் கழுத்தும் நிமிர்ந்து, ஒரே திசையில் நடக்க ஆரம்பித்தால் நாம் அத்துமீறிவிட்டோம். “இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாம்ணே” என்று நான் கெஞ்சினாலும் கழியை ஊன்றியபடி அசையமாட்டார். ஒருமுறை ஒரு கூட்டத்தார் பறவைகளுக்குள் படகை விடச்சொன்னபோது வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்து அவர்களைக் கரையில் இறக்கிவிட்டார்.

அது ஏதோ அவர் குணம் என்று மட்டும் நான் நினைக்கவில்லை. பழவேற்காட்டு மீனவர்களிடம் ‘பாடு’ என்ற ஏற்பாடு தலைமுறைகளாக உண்டு. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். முறை வராதவர் அந்த இடத்தில் வலை இறக்கக்கூடாது. வயிற்றுப்பாட்டுக்கு இறங்குகிறவனே இங்கே காத்திருக்கிறான் தம்பி. பொழுதுபோக்குக்கு வருகிற நமக்கு அரைமணி நேரம் பொறுக்க முடியவில்லை.

பொறுத்தால் என்ன கிடைக்கும்? நீங்கள் பறக்க வைத்தது அந்தச் சிவந்த சிறகுக்காகத்தானே? மேய்ந்து முடித்த பறவை ஒரு பக்கச் சிறகையும் அதே பக்கத்துக் காலையும் பின்னால் நீட்டிச் சோம்பல் முறிக்கும். அந்த ஒன்றிரண்டு நொடிக்குள் சிவப்பும் கறுப்பும் விசிறியாக விரிந்து மடங்கும். இன்னொன்றும் பார்க்கலாம். அலகு ஒரே இடத்தில் இருக்க, கால்களால் சேற்றை மிதித்துக்கொண்டே அதைச் சுற்றிச் சுற்றி வரும். அடிச்சேற்றில் இருப்பதெல்லாம் கலங்கி மேலே வரட்டும் என்றுதான். தண்ணீர் வற்றிய இடங்களில் அந்த வட்டங்கள் அப்படியே பதிந்து கிடக்கும். உங்கள் நண்பரின் பைக் அவற்றின்மேல்கூட ஏறியிருக்கலாம்.

பறக்கும் படம்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும், எதிர்த்துத்தான் இறங்கும். குளிர்காலத்தில் இங்கே வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து. சூரியனோ தென்பக்கமாகச் சாய்ந்து போகும். ஆகவே சாலையில் வடக்கே பார்த்து நில்லுங்கள், வெளிச்சம் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும். கூட்டம் உங்களுக்கு இடப்புறம், வடமேற்கில் இருக்கட்டும். தானாக எழும்போது வெயில் மேலே பட உங்கள் முன்னால் குறுக்கே போகும். ஷட்டர் வேகத்தை 1/2000 நொடியில் வைத்திருங்கள்.

600 எம்.எம். இப்போது வேண்டாம். அந்தக் காசில் கொஞ்சம் எடுத்து ஜனவரியில் சூலூர்பேட்டையில் இரண்டு இரவு தங்குங்கள். சென்னையிலிருந்து காலை ரயிலில் வந்தால் வெயில் ஏறிவிடும், விடிவதற்கு முன்பே சாலையில் இருக்க வேண்டும். நண்பரையும் அழைத்து வாருங்கள். பைக் தார்ச்சாலையிலேயே நிற்கட்டும்.