லாக்கர் முதல்லயா, லிஃப்ட் முதல்லயா?

கேள்வி: மாருதி ஜிம்னி வச்சிருக்கேன் சார். வாரநாள்ல ஆபீஸ், மாசம் ரெண்டு தடவை ஃப்ரெண்ட்ஸோட ஆஃப்ரோடு. போன வாரம் ஒரு ஓடையில இறங்கும்போது ஒரு பக்கம் முன் வீலும் எதிர்ப்பக்கம் பின் வீலும் அந்தரத்துல நின்னு சும்மா சுத்துச்சு, வண்டி ஒரு அடி நகரல. ஒர்க்‌ஷாப்ல கேட்டா முன்னாடி பின்னாடி ரெண்டுக்கும் ஏர் லாக்கர் (இடது வலது வீலைப் பூட்டி ஒண்ணா சுத்த வைக்கிறது), கூடவே மூணு இன்ச் லிஃப்ட், அதாவது சஸ்பென்ஷனை உயர்த்தறதுங்கறாங்க. எதை முதல்ல போடறது? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: அந்த எஸ்டிமேட் உங்க வண்டிக்காக போட்டதா இல்ல அவங்க கடை வாடகைக்காக போட்டதான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. சரி விடுங்க. ஓடையில நடந்தது இதுதான்: சாதா டிஃப்ரன்ஷியல் (இன்ஜின் சக்தியை இடது வலது வீலுக்குப் பிரிச்சு விடற கியர் செட்) ரெண்டு வீலுக்கும் ஒரே அளவு டார்க்தான், அதாவது சுத்தற விசைதான் குடுக்கும், காத்துல தொங்கற வீலை சுத்தறதுக்கு ஒண்ணுமே வேண்டியதில்ல, அதனால தரையில நிக்கிற வீலுக்கும் அந்த ஒண்ணுமில்லாததுதான் போய் சேரும். என் பழைய மஹிந்திரா எம்எம்540 ஜீப்ல இதே மாதிரி ஒரு எஸ்டேட் ரோட்ல மாட்டினப்போ கூட வந்தவங்க ரெண்டு பேரு பின் பம்பர் மூலையில ஏறி நின்னாங்க, டயர் கீழ இறங்கி மண்ணைத் தொட்ட அடுத்த செகண்டு வண்டி கிளம்பிடுச்சு. ரெண்டு ஆள் வெயிட், செலவு ஒரு டீ.

அதுல இருந்து நான் புரிஞ்சுக்கிட்டது, வீல் தரையிலயே இருந்துட்டா லாக்கருக்கு வேலை ரொம்ப கம்மி. வீலைத் தரையில வைக்கிறது சஸ்பென்ஷன் வேலை. ஆனா இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. ஸ்பிரிங்குக்கு மேல ஸ்பேசர் வச்சு ரெண்டு இன்ச் தூக்கிட்டு பழைய ஷாக் அப்சார்பரையே விட்டுட்டா, வண்டி சும்மா நிக்கும்போதே ஷாக் பாதி நீண்டுடும், குழியில வீல் கீழ இறங்கறதுக்கு மிச்சம் இருக்கிறது கம்மியாயிடும், அதாவது காசு குடுத்து வீலை சீக்கிரமா அந்தரத்துல தூக்கிக்கறீங்க! ஹெவி டியூட்டி ஸ்பிரிங்கும் இதே கதைதான். அது ஸ்டீல் பம்பர், வின்ச், ரூஃப் ரேக்னு எப்பவும் சுமை ஏத்தி ஓடற வண்டிக்கு. நீங்க ஒரு லேப்டாப் பையோட ஆபீஸ் போறவர், உங்களுக்கு போட்டா கல்லு மாதிரி இருக்கும், வீல் மடங்கவே மடங்காது.

இன்னொண்ணு, லிஃப்ட் போட்டா டிஃப்ரன்ஷியல் ஹவுசிங் (ஆக்ஸில்ல தொங்கற அந்த உருண்டை) தரையில இருந்து ஒரு மில்லிமீட்டர் கூட உயராது. ஜிம்னில முன்னாடி பின்னாடி ரெண்டும் சாலிட் ஆக்ஸில், அதாவது இடது வலது வீலை இணைக்கிற ஒரே கட்டை, தூக்கறது பாடியையும் சேஸிஸையும்தான். ஹவுசிங்கை உயர்த்தணும்னா பெரிய டயர் ஒண்ணுதான் வழி. உங்க கம்பெனி டயர் 195/80 ஆர்15, அதுல இருந்து 215/75 போனா டயர் உயரம் ஒரு பத்து மில்லிமீட்டர் கூடும், ஆக்ஸிலுக்குக் கீழ கிடைக்கிறது அதுல பாதி, அஞ்சு. சிரிப்பு வருதா? ஆனா நல்ல ஆல் டெரெயின் டயரோட பிடிப்பு இருக்கே, அதுக்காகவே மாத்தலாம்.

அதனால நான் சொல்ற வரிசை: முதல்ல டயர், கூடவே ஒரு டயர் கேஜும் சின்ன கம்ப்ரஸரும். கரடுமுரடுல இறங்கறதுக்கு முன்னாடி காத்தை 18, 20 பிஎஸ்ஐக்கு இறக்கிட்டு ஓட்டிப் பாருங்க, வேற வண்டி மாதிரி இருக்கும். ரோட்டுக்கு ஏறினதும் மறக்காம ஏத்திடணும். அடுத்து முன்பக்க ஆன்ட்டி ரோல் பார் (வளைவுல வண்டி சாயாம பிடிக்கற கம்பி) லிங்கை கழட்டிட்டு ஒரு தடவை அதே ஓடைக்கு போங்க, முன் ஆக்ஸில் எவ்வளவு மடங்குதுன்னு உங்களுக்கே தெரியும் (திரும்ப மாட்டாம ஹைவேல ஏறாதீங்க). அப்புறம் தேவைப்பட்டா ஒன்றரை இன்ச், கூடிப்போனா ரெண்டு இன்ச், அதுக்குன்னே நீளமா செஞ்ச ஷாக்கோட. மூணு இன்ச் உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

ஜிம்னில பிரேக் எல்எஸ்டின்னு ஒண்ணு ஏற்கனவே இருக்கு, சும்மா சுத்தற வீலை பிரேக் பிடிச்சு நிறுத்தி மத்த வீலுக்கு டார்க்கை அனுப்பும். ஆனா வீல் கொஞ்சம் சுத்தினாத்தான் அது முழிச்சுக்கும். ஃபோர்-லோல (நாலு வீலும் ஓடற லோ கியர்ல) போட்டு ஆக்ஸிலரேட்டரை ஒரே சீரா ரெண்டு மூணு செகண்டு பிடிங்க. வீல் சுத்தறதைப் பார்த்து பயந்து காலை எடுத்துட்டீங்கன்னா அதுவும் விட்டுடும். ஓடையில நீங்க எடுத்திருப்பீங்கன்னு நினைக்கிறேன்.

இவ்வளவும் பண்ணி இன்னும் மாட்டினா லாக்கர் போடுங்க, பின்னாடி மட்டும். ஏறும்போது வெயிட் பின்னாடிதான் சாயும், பிடிப்பும் அங்கதான். முன் லாக்கர் போட்டா ஸ்டியரிங் திரும்ப மறுக்கும், வீலைத் திருப்பி வச்சு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தா ஆக்ஸில் ஜாயின்ட் உடையற வாய்ப்பு அதிகம். லாக்கரை விட அதை யார் மாட்டறாங்கன்றது முக்கியம். டிஃப்ரன்ஷியல் உள்ள இருக்கிற கிரௌன் பினியன் கியரை கழட்டி மறுபடி ஷிம் (மெல்லிசு தகடு) வச்சு பேக்லாஷ், அதாவது பல்லுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி, செட் பண்ணணும். மெக்கானிக்கிட்ட டயல் கேஜ் இருக்கான்னு பாருங்க, பல்லுல கலர் பூசி சுத்தி எங்க உரசுதுன்னு உங்களுக்குக் காட்டச் சொல்லுங்க. கையால ஆட்டிப் பார்த்து "சரியா இருக்கு சார்"னா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க. நான் அப்படி ஒருத்தர்கிட்ட விட்டு, அறுபதுல போனா உய்ங்னு கத்தற ஆக்ஸிலோட ஒரு வருஷம் ஓட்டினேன்.

ரெண்டு லாக்கரும் வேணும்தான்னு அடம்பிடிச்சா, ஃபோர்ஸ் கூர்க்கால அது கம்பெனிலயே வருதே, அதை வாங்கியிருக்கலாமே!

கேள்வி: என் மஹிந்திரா தார்ல பின் வீல் சேத்துல சுத்தும்போது திடீர்னு "டக்"னு ஒரு சத்தம். பயமா இருக்கு, டிஃப்ரன்ஷியல் போச்சா? (தேனி வாசகி)

பதில்: பயப்படாதீங்க மேடம். உங்க வண்டில மெக்கானிக்கல் லாக்கிங் டிஃப்ரன்ஷியல் இருந்தா அது லாக் ஆகற சத்தம்தான். பட்டன் கிடையாது, ரெண்டு பின் வீலுக்கும் வேக வித்தியாசம் நிமிஷத்துக்கு சுமார் நூறு சுத்தைத் தாண்டினா தானா பிடிச்சுக்கும், வேகமா போகும்போது பிடிக்காது. ஆனா நல்ல தார் ரோட்ல வளைவுல இதே சத்தம் கேட்டா சர்வீஸ்ல காட்டுங்க.

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஜிம்னி, ரெண்டு இன்ச் லிஃப்ட் இருக்கு. எழுபதுல ஒரு பள்ளத்துல விழுந்தா ஸ்டியரிங் பயங்கரமா ஆடுது. வீல் பேலன்ஸ் பண்ணியாச்சு. (ஓசூர் வாசகர்)

பதில்: லிஃப்ட் போட்டவர் காஸ்டரை (ஸ்டியரிங் அச்சு முன்பின்னா சாயற கோணம்) சரி பண்ணாம வித்திருக்கார். உயரம் கூடினா முன் ஆக்ஸில் சுழண்டு காஸ்டர் குறையும், ஸ்டியரிங் தானா நேரா வராது. காஸ்டர் கரெக்‌ஷன் புஷ் போடணும். பேன்ஹார்ட் ராட் (ஆக்ஸில் பக்கவாட்டுல நகராம பிடிக்கற கம்பி) பழைய நீளத்துலயே இருந்தா ஆக்ஸிலும் ஒரு பக்கமா தள்ளி இருக்கும், ரெண்டு முன் டயரும் ஃபெண்டர்ல இருந்து எவ்வளவு வெளிய நிக்குதுன்னு ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க. கூடவே அந்த ராட் புஷ்ஷும் கிங்பின் (முன் வீல் திரும்பற அச்சு) பேரிங்கும் ஆடுதான்னு பார்த்துடுங்க. அப்புறம், கம்பெனி அளவுல இருந்து வண்டியை மாத்தறது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுல மாட்டும், 2019ல சுப்ரீம் கோர்ட்டும் இதைக் கறாரா சொல்லியிருக்கு. பழைய ஸ்பிரிங் செட் வண்டியை வித்தவர்கிட்ட இன்னும் இருந்தா கேட்டு வாங்கி வச்சுக்கோங்க. இது சரியாகற வரைக்கும் அம்பதுக்கு மேல போகாதீங்க.