அம்மா காணும் குழந்தைகள்

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு 72 வயது. அப்பா மறைந்தபின் உண்ணாமல் உறங்காமல் கிடந்தவருக்கு, மனச்சோர்வு என்று சொல்லி இரவில் அமிட்ரிப்டிலின் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் நன்றாகத் தேறிவந்தார். சென்ற வாரம் மழைச் சளிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். நான்கு நாட்களாகப் பொழுது சாய்ந்ததும் பீரோவின் ஓரத்தில் குழந்தைகள் நிற்கிறார்கள், சோறு போடு என்கிறார். மந்திரிக்க வேண்டும் என்கிறார் அத்தை. மாத்திரையை நிறுத்து என்கிறார் அண்ணன். என்ன செய்வது?

ஒரு மகள், பெரம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

நான் மருத்துவன் அல்லன். ஆனால் என் பெரியம்மா, இத்தகைய மாத்திரை எடுத்த நாட்களில் சுவரெங்கும் எறும்பு ஊர்வதைக் கண்டு, பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற அச்சத்தில் மூன்று வாரம் வாய் திறக்காமல் இருந்தார். உங்கள் அம்மா சொல்லிவிட்டார் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அந்தச் சளி மாத்திரைதான். நினைவுக்கும் கவனத்துக்கும் மூளைக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையை அமிட்ரிப்டிலின் தடுக்கிறது. சளி மாத்திரைகள் பலவற்றில் உள்ள குளோர்பெனிரமைனும் அதையே செய்கிறது. இரண்டும் சேரும்போது முதியவர்களுக்குக் குழப்பமும் மாயத்தோற்றமும் வரக்கூடும்; அது மாலையில் கூடி, காலையில் குறைவதும் உண்டு. வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் பிரியாமை ஆகியவை உடன் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடும் மனச்சோர்விலும் பிரமை தோன்றும் என்பது உண்மையே. ஆனால் அங்கே பெரும்பாலும் தன்னைப் பழிக்கும் குரல்களே கேட்கும். தேறிவந்தவர் திடீரென்று குழந்தைகளைக் காண்பது உடலையும் மருந்தையும் சோதிக்கச் சொல்லும் அடையாளம் என்றே எனக்குப் படுகிறது.

சளி மாத்திரையை இனிக் கொடுக்க வேண்டாம். அமிட்ரிப்டிலினைக் குறைப்பதா, நிறுத்துவதா, மாற்றுவதா என்பதை மருந்தெழுதிய மருத்துவரே இன்றைக்கே முடிவுசெய்ய வேண்டும். அண்ணனின் கவலை நியாயமானது, ஆனால் நாமாகத் திடீரென்று நிறுத்தினால் குமட்டலும் தலைவலியும் உறக்கமின்மையும் வரலாம், பழைய சோர்வும் திரும்பலாம். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், இரத்த அழுத்தத்துக்கானவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சிறுநீர்த் தொற்றும், இரத்தத்தில் சோடியம் குறைவதும் இதே குழப்பத்தைத் தரும் என்பதால் அந்தப் பரிசோதனைகளைப் பற்றியும் கேளுங்கள். காய்ச்சல், எழுப்ப முடியாத மயக்கம், படபடப்பு, சிறுநீர் அறவே பிரியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திராமல் அவசரப் பிரிவுக்கே அழைத்துச் செல்லுங்கள். இரவில் யாரையேனும் கேட்கத் தோன்றினால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசி எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

அத்தையிடம் கோபம் வேண்டாம். மந்திரிப்பதற்காக மருத்துவரிடம் போவது ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது என்று மட்டும் சொல்லுங்கள். இன்றிரவு விளக்கு எரியட்டும், அம்மா கண்ணாடி அணிந்திருக்கட்டும். குழந்தைகள் இல்லை என்று வாதாட வேண்டாம். "எனக்குத் தெரியவில்லை அம்மா, நான் பக்கத்திலேயே இருக்கிறேன்" என்று அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.