பழைய தகரப் பொம்மை ரயிலுக்குச் சரியான அளவில் கபூஸ் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேள்வி 1920–1940 காலத்து அமெரிக்கத் தகர ரயில்களைப் பற்றியது என்று எடுத்துக்கொள்கிறேன். சரக்கு ரயிலின் கடைசியில் கார்டு இருந்த பெட்டிதான் கபூஸ். சேகரிப்பவர்கள் கையில் அதிகம் புழங்குவது லயனல் நிறுவனத்தின் ரயில்கள் என்பதால் பெரும்பாலும் அதை வைத்தே சொல்கிறேன்.

ஒரு விஷயம் தெளிவாக இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இந்த வண்டிகளில் பெரும்பாலானவை எந்த விகிதத்துக்கும் கட்டுப்பட்டுச் செய்யப்பட்டவை அல்ல. அந்தக் காலத்து நிஜ அமெரிக்கப் பாக்ஸ் பெட்டி (கூரையோடு நாற்புறமும் மூடிய சரக்குப் பெட்டி) 40 அடி என்றால் கபூஸ் ஏறத்தாழ 30 அடிதான். ஆனால் தகரத்தில் ஒரே அடிச்சட்டத்தை வரிசை முழுவதற்கும் அடித்துவிடுவார்கள். அதனால் பாக்ஸ் பெட்டியும் கபூஸும் ஏறத்தாழ ஒரே நீளத்தில் நிற்கும். கண்ணுக்கு அது உறுத்தாததற்குக் காரணம், அந்த வரிசைக்குள் உயரமும் அகலமும் ஒன்றுக்கொன்று இசைய வைக்கப்பட்டிருப்பது. ஆகவே உங்களிடம் இருக்கும் சரக்குப் பெட்டிகளின் வரிசை எண்ணைப் பாருங்கள். எஞ்சினைப் பார்த்து கபூஸ் வாங்குவது தவறான இடத்தில் தொடங்குவது. கபூஸுக்குப் பக்கத்தில் நிற்கப்போவது கடைசிச் சரக்குப் பெட்டி. எஞ்சின் எங்கோ முன்னால் இருக்கிறது.

ஸ்டாண்டர்ட் கேஜில் (தண்டவாள இடைவெளி 2⅛ அங்குலம்) இரண்டே வரிசைகள்தான் முக்கியம். 200 வரிசைப் பெட்டிகள் சுமார் 12½ அங்குலம். அதன் கபூஸ் 217. 500 வரிசை சுமார் 11½ அங்குலம். அதன் கபூஸ் 517. ஓ கேஜில் (1¼ அங்குலம்) தவறு நடக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அளவில் வெகுவாக வேறுபட்ட பெட்டிகள் ஒரே தண்டவாளத்தில் ஓடும். 810 வரிசையின் பெரிய பெட்டிகள் சுமார் 9 அங்குலம், அவற்றுக்கு 817. எட்டுச் சக்கரச் சிறிய பெட்டிகளான 650 வரிசைக்கு 657. அதற்கு முந்தைய நான்கு சக்கர 800 வரிசைக்கு 807. பெட்டி வடிவத் தானியங்கிக் கப்ளிங் (பெட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் அமைப்பு) வந்த பிறகு 817, 657 இரண்டும் 2817, 2657 என்று எண் மாறின. 1937-ல் வந்த 1:48 விகித 700இ எஞ்சினுக்காக 1940-ல் செய்த 717 தனி ரகம். அது 714, 715, 716 பெட்டிகளோடு மட்டுமே சேரும். பித்தளைத் தகடு ஒட்டிய, எனாமல் பூசிய 810 வரிசைக்குப் பின்னால் அதன் நுணுக்கமான வேலைப்பாடு ஒட்டவே ஒட்டாது.

எண் சரியாக இருந்தும் கண்ணுக்குச் சரியாகப் படாத சேர்க்கைகள் உண்டு. எண் வேறாக இருந்தும் பொருந்திவிடுபவையும் உண்டு. அதற்குத்தான் அளந்து பார்ப்பது. உங்கள் பாக்ஸ் பெட்டியை நேரான தண்டவாளத்தில் நிறுத்தி, தண்டவாளத்தின் மேல்முகத்திலிருந்து கூரையின் விளிம்பு, கூரையின் உச்சி, கப்ளிங்கின் நடுப்பகுதி மூன்றும் எத்தனை மி.மீ. உயரத்தில் இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். கபூஸின் கூரை விளிம்பு பாக்ஸ் பெட்டியின் விளிம்போடு ஒரே கோட்டில், அல்லது சற்றுக் கீழே இருக்க வேண்டும். கூரைமேல் எழும் கண்காணிப்புக் கூண்டு மட்டும் அந்தக் கோட்டைத் தாண்டலாம். கூரை விளிம்பே பாக்ஸ் பெட்டியைவிட உயர்ந்தால் ரயில் வால் கனத்துத் தெரியும். மூன்று நான்கு பெட்டிகளே உள்ள சிறிய ரயிலில் இது இன்னும் மோசமாகத் தெரியும்.

இதனால்தான் 650 வரிசைக்குப் பின்னால் 817 வைப்பதை நான் ஏற்பதில்லை. நீளம், உயரம் இரண்டிலும் அது முன்னால் இருக்கும் பெட்டியை அமுக்கிவிடும். மாறாக, கபூஸ் ஓரளவு சிறியதாக இருந்தால் மன்னிக்கலாம். நிஜத்திலும் அது குட்டைதானே. 200 வரிசைக்குப் பின்னால் 517 வைத்தால் நீளத்தில் ஓர் அங்குலம்தான் குறையும், அது பிரச்சினையே இல்லை. உறுத்துவது கூரையின் உயர வித்தியாசம். அதை மறைக்க ஒரு வழி உண்டு: கபூஸுக்கு முன்னால் 214 பாக்ஸ் பெட்டியை மாட்டாமல், கூரையே இல்லாத 212 கோண்டோலாவையோ 211 தட்டைப் பெட்டியையோ மாட்டுங்கள். இரண்டு கூரைகள் அடுத்தடுத்து வராதபோது கண் ஒப்பிடுவதை விட்டுவிடும். இந்த உத்தி 817-ஐயும் 650 வரிசையையும் சேர்த்துவைக்காது. அங்கே வித்தியாசம் மிகப் பெரிது.

படத்தை மட்டும் பார்த்து வாங்கும்போது அளவு தெரியாமல் தடுமாறுவார்கள். பக்கவாட்டுப் படம் இருந்தால் போதும். போகியின் (பெட்டிக்கு அடியில் திரும்பும் இரண்டு அச்சுச் சக்கரத் தொகுதி) இரண்டு அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை உங்கள் பெட்டியில் அளந்துகொண்டு, படத்தில் அதே தூரத்தை அலகாக வைத்து உடல் நீளத்தையும் கூண்டின் உயரத்தையும் கணக்கிடுங்கள். இரண்டு எச்சரிக்கைகள்: பக்கத்தில் வைத்து எடுத்த கைபேசிப் படத்தில் ஓரங்கள் இழுபட்டுத் தெரியும், ஆகவே தள்ளி நின்று எடுத்த படம் கேளுங்கள். அடுத்தது, போகியே மாற்றப்பட்டிருக்கலாம். இது மிகச் சாதாரணமாக நடப்பது. வேறு வரிசைப் போகி மாட்டினால் கணக்கு தப்பும், உடலும் மேலே தூக்கி நிற்கும். அடிப்பக்கப் படத்தில் போகி மாட்டும் தண்டும் பின்னும் பழையனவா, இரண்டு போகிகளும் ஒரே மாதிரியா என்று பாருங்கள்.

கப்ளிங்கும் அளவு சார்ந்த விஷயம்தான். பழைய கொக்கி, அதன்பின் வந்த தாழ்ப்பாள் கப்ளிங், 1938-ல் வந்த பெட்டிக் கப்ளிங் ஆகியவை ஒன்றோடொன்று நேரடியாகச் சேராது. பெட்டிக் கப்ளிங்கிலேயே உயரமானது, தாழ்ந்தது என இரு வகை உண்டு. எண் பொருந்துகிறது என்று வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கம்பியை வளைத்துக் கட்டிச் சமாளித்தால் பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி கூடும், கபூஸ் ரயிலிலிருந்து அறுந்து தனியாக நிற்பதுபோல் இருக்கும்.

நிறமும் கனத்தைக் கூட்டும், குறைக்கும். 817-ன் ஆரம்பகால மயில்நீல உடலும் கரும்பச்சைக் கூரையும் அடக்கமாகத் தெரியும். பிற்காலச் சிவப்பு, அதே அளவானாலும் பெரிதாகத் தோன்றும். பித்தளைத் தகடுகள் முந்தியவை, நிக்கல் பிந்தியவை. இரண்டையும் ஒரே ரயிலில் கலக்காதீர்கள். 1682 போன்ற, தகரத்தின் மேலேயே படம் அச்சிட்ட லித்தோ கபூஸ் எனாமல் பெட்டிகளுக்குப் பின்னால் மெலிந்து தெரியும்.

வாங்கும் முன் படிகளையும் முனைக் கைப்பிடிக் கம்பிகளையும் பாருங்கள். ஒரு படி போனாலே அந்தப் பக்கம் குட்டையாகத் தெரியும். தகர நாக்குகளை மடித்துத்தான் கூண்டும் படிகளும் பொருத்தப்பட்டிருக்கும். ஓரிரு முறை நிமிர்த்தி மடித்தாலே நாக்கு ஒடிந்துவிடும். கூண்டு சாய்ந்திருந்தால் நாக்கு ஒடிந்ததா என்று கேளுங்கள். 217, 517, 2817 மூன்றிலும் விளக்கு உண்டு. மின்சாரம் வரும் நடுத்தண்டவாளத்தைத் தொடும் உருளை இருக்கிறதா, ஒயரின் மேலுறை உதிர்ந்து சட்டத்தைத் தொடுகிறதா என்று பார்க்காமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது.

மார்க்ஸ் என்ற இன்னொரு நிறுவனத்தின் ரயில் வைத்திருப்பவர்களுக்கு விதி எளிது: ஆறு அங்குல நான்கு சக்கரப் பெட்டிகளுக்கு அதே ஆறு அங்குலக் கபூஸ். மார்க்ஸின் 3/16 வரிசை 1:64 விகிதத்தில் செய்யப்பட்டது. தண்டவாளம் ஒன்றுதான் என்பதற்காக இரண்டையும் கலக்க வேண்டாம்.

வாங்கியதும் வளைவில் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். முன்னோக்கி ஓடும்போது கடைசிப் பெட்டியைப் பின்னாலிருந்து இழுக்க எதுவும் இல்லை, அதனால் எந்தக் கபூஸும் ஒழுங்காக வரும். பின்னோக்கித் தள்ளும்போதுதான் கப்ளிங் உயரம் தவறியதும் போகி இறுக்கமாக இருப்பதும் வெளிப்படும். தடம்புரண்டால் முதலில் அச்சுகளுக்கு ஒரு துளி எண்ணெய் விட்டு, போகி தாராளமாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் உடலுக்குள், தரையின் நடுவில் சில இரும்பு வாஷர்களைக் கழற்றக்கூடிய பசையால் ஒட்டலாம். பழைய பெயிண்டில் நிரந்தரப் பசை படக் கூடாது.